போன வழியே திரும்பினால் என்ன

எங்கள் பக்கத்தில் மலை என்றால் குன்றக்குடிதான். படியேறி, மூச்சு வாங்க ஆரம்பித்து, வாங்கி முடிப்பதற்குள் சண்முகநாதர் சந்நிதி வந்துவிடும். மற்றபடி செட்டிநாடு ஒரு தோசைக்கல். தட்டையிலும் அப்படித்தான், சூட்டிலும் அப்படித்தான். செம்மண், சரளை, கண்மாய், ஊருணி, கருவேலம். ஏற்ற இறக்கம் என்றால் இங்கே பிறந்தவனுக்கு வட்டிதான் முதலில் ஞாபகம் வரும்.

அப்படிப்பட்ட ஊரில் இருக்கிற எனக்கு மார்கழியில் பெங்களூரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "அம்மான், பொங்கலுக்கு வர்றேன். ஒரு நாள் ட்ரெக் போவோம். ரொம்பக் கஷ்டமும் வேணாம், ரொம்ப ஈஸியும் வேணாம். ஆனா லூப்பா இருக்கணும். போன வழியே திரும்பி வர்றது செம போர்."

சரிடா, பார்க்கிறேன் என்று வைத்துவிட்டேன். ‘லூப்’ என்ற சொல் காதில் விழுந்ததும் இடது கால் பெருவிரல் வலிப்பது போல இருந்தது. அந்த நகம் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு லூப்பில்தான் கறுத்து விழுந்தது.

அந்தக் கதையைச் சொன்னால்தான் இந்தத் தடவை ஏன் இவ்வளவு கணக்குப் பார்த்தேன் என்பது புரியும். கொடைக்கானல் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. நண்பர்கள் நாலு பேர். ஏற்பாடு செய்தவர் ‘மிதமான நடை, சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம்’ என்றார். மொத்தம் 14 கிலோமீட்டர், ஏற்றம் எல்லாம் கூட்டினால் 600 மீட்டர். மலையேறுகிறவர்கள் மத்தியில் ஒரு பழைய வாய்பாடு உண்டு. நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் சொன்னது: ஒரு மணி நேரத்துக்கு ஐந்து கிலோமீட்டர் என்று கணக்கிடு, ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள். எங்களில் ஒருவன் அதை எங்கேயோ படித்திருந்தான். பெருக்கிக் கூட்டினான், நாலு மணி நேரம் வந்தது. அப்புறம் என்ன அவசரம்? நிதானமாகப் பூரி மசாலா சாப்பிட்டுவிட்டுப் பத்தரைக்குக் கிளம்பினோம்.

அந்த வாய்பாடு பொய் இல்லை. ஆனால் அது குளிர்நாட்டில், நல்ல பாதையில், நடந்து பழகின, எங்கேயும் உட்காராத ஆளுக்கு உண்டானது. எங்களுக்கு அதை இரண்டால் பெருக்கியிருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தப்பு ஒன்று இருந்தது. மலை என்றால் முதலில் ஏறுவோம். களைத்த பிறகு மிச்சம் இருப்பது இறக்கம். பள்ளத்தாக்கில் அது தலைகீழ். காலையில் தெம்பாக, பாட்டுப் பாடிக்கொண்டு இறங்கிவிடுவோம். தண்ணீர் தீர்ந்து, வெயில் உச்சிக்கு வந்து, தொடை நடுங்குகிற நேரத்தில் ஏற்றம் முன்னால் நிற்கும். கடனை முதலில் வாங்கிச் செலவழித்துவிட்டு வட்டியோடு சாயங்காலம் கட்டுகிற மாதிரி. செட்டிநாட்டுப் பிள்ளை நான், இது கூடத் தெரியாமல் போனேன்.

அடிவாரத்தில் ஒரு ஓடை. தாண்டி அந்தப் பக்கம் போனால் பாதை மூன்றாகப் பிரிந்தது. மூன்றும் மாட்டுத்தடம். ஒன்றில் அரை மணி நேரம் போய்ப் புதருக்குள் முட்டி, திரும்பி, அடுத்ததில் போய்… மணி இரண்டரை. அப்போதே வந்த வழியே ஏறியிருக்கலாம். தெரிந்த பாதை, ஒவ்வொரு திருப்பமும் கண்ணில் நின்றது. ஆனால் ஒருவன் சொன்னான்: "பாதி தாண்டியாச்சுப்பா, இனிமே திரும்புறதுக்கு முன்னாடி போறதே கிட்ட." நாலு பேரும் தலையாட்டினோம். தூரத்தில் பாதி என்பது சரிதான். உழைப்பில் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. ராத்திரி ஏழே முக்காலுக்குப் போன் வெளிச்சத்தில் தவழாத குறையாகத் தார் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

வட்டப் பாதையில் இருக்கிற வில்லங்கமே இதுதான். போன வழியே திரும்புகிற நடையில் இரண்டாம் பாதி நமக்குத் தெரிந்த பாதி. வட்டத்தில் களைத்த காலோடு நடக்கப்போகிற பாதி முழுக்கப் புதுசு. கூடவே ‘பாதி தாண்டியாச்சு’ என்கிற வார்த்தை வேறு வந்து கையைப் பிடித்து இழுக்கும்.

‘மிதமான’ என்ற சொல்லையும் நான் அப்புறம் நம்புவதில்லை. எங்கள் வீட்டில் ஆத்தா மிதமான காரம் போட்டு வைத்த குழம்பைச் சாப்பிட்டுவிட்டுச் சென்னைச் சம்பந்தி கண் கலங்கினதைப் பார்த்திருக்கிறேன். யாருடைய நாக்குக்கு மிதம், யாருடைய முட்டிக்கு மிதம்? தமிழக அரசு 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 வழித்தடங்களை அறிவித்தபோது அவற்றையும் எளிது, மிதம், கடினம் என்றுதான் பிரித்தார்கள். அங்கே வழிகாட்டி கூட வருகிறார், அனுமதி முறையாக இருக்கிறது, அதனால் குற்றம் சொல்லமாட்டேன். ஆனால் தரம் பிரித்த சொல்லைப் படிப்பதோடு நிறுத்தாமல் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஏற்றம், நடுவில் வெளியேற வழி உண்டா என்ற மூன்றையும் கேட்க வேண்டும். மூன்றாவதை யாரும் கேட்பதில்லை.

கோடைக்கு முன்னால் காட்டுப் பாதைகளை அடைத்துவிடுவார்கள். அதில் முணுமுணுக்க ஒன்றுமில்லை. 2018 மார்ச் 11-ம் தேதி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். புல் காய்ந்த சரிவில் தீ மேல்நோக்கி எவ்வளவு வேகமாக வரும் என்று தெரிந்தவன் மாசி, பங்குனியில் மலைக்குத் திட்டம் போடமாட்டான். நமக்கு வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டி முடித்து, தையில் மண் ஈரமும் பச்சையுமாக இருக்கும். அந்த வகையில் மருமகன் சொன்ன பொங்கல் சமயம் சரியான சமயம்.

மறுநாள் காலையில் முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பச்சியிடம், அதாவது என் அப்பாவிடம், விஷயத்தைச் சொன்னேன். அப்பச்சிக்கு எழுபத்தெட்டு. முட்டி சொன்னபடி கேட்ட காலம் வரைக்கும் தை மாசம் குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடந்தவர். போகும்போதும் நடை, வரும்போதும் நடை.

"சுத்திக்கிட்டு வரணுமாம் உங்க பேரனுக்கு. போன வழியே வந்தா நல்லா இல்லையாம்."

பேப்பரை மடிக்காமலே சொன்னார்: "போன வழியே திரும்பி வர்றதுல என்ன கௌரவக் கொறச்சல்? நாங்க பழனிக்குப் போயிட்டு அதே நத்தம், அதே சிங்கம்புணரின்னுதான வந்தோம். போறப்ப எங்கன நிழலு, எங்கன தண்ணின்னு பாத்து வச்சது வர்றப்பத்தான ஒதவும்?"

கொஞ்ச நேரம் கழித்து, "எத்தனை மணிக்குக் கெளம்புறீங்க?" என்றார்.

"எட்டு மணி வாக்குல."

"அப்ப நீங்க நடக்கப் போகல, வெயில் காயப் போறீங்க."

பாதயாத்திரையில் விடிவதற்கு ரொம்ப முன்னாலேயே கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் அடுத்த தங்கலுக்குப் போய்விடுவார்களாம். நேரத்தை அந்தியிலிருந்து பின்னோக்கி எண்ணு என்றார். கடை மூடும்போது ஐந்தொகை இடிக்காமல் இருக்க வேண்டுமானால் காலையிலேயே ஒவ்வொரு வரவையும் எழுதி வைக்க வேண்டும் என்பது பர்மாவில் கடை வைத்திருந்த ஐயா சொல்லிக்கொடுத்த பாடம். அப்பச்சி அதை எல்லாவற்றுக்கும் பொருத்துவார். எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தத் தடவை பொருந்தியது.

இடத்தைப் பிரான்மலை என்று முடிவு செய்தேன். சிங்கம்புணரிக்குப் பக்கம், காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் காரில் போய் இறங்கிவிடலாம். பாரியின் பறம்பு மலை இதுதான். உழவர் உழாமலே மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்று நான்கு விளைச்சல் அந்த மலைக்கு உண்டு, அதனால் மூவேந்தரும் முற்றுகையிட்டு உட்கார்ந்தாலும் பட்டினி போட முடியாது என்று கபிலர் பாடிய மலை. சம்பந்தர் பாடிய கொடுங்குன்றமும் இதே. அடிவாரத்திலிருந்து மூன்று அடுக்காகச் சிவன் கோயில். மலை உச்சியில் ஒரு தர்கா. ஒரே மலையில் பாரி, சிவன், அவுலியா மூன்று பேரையும் பார்த்துவிட்டு வரலாம்.

ஆனால் நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் வடிவம். உச்சிக்கு ஒரு பாதை; அதில் ஏறி அதிலேயே இறங்க வேண்டும். அடிவாரத்தைச் சுற்றி ஊர்ச்சாலைகள், கண்மாய்க்கரைகள், வண்டித்தடங்கள். அவற்றைக் கோர்த்தால் ஒரு வட்டம். கஷ்டமான, வெளியேற வழியில்லாத பகுதியைக் காலையில் தெரிந்த பாதையில் முடித்துவிடுகிறோம். மத்தியானம் களைப்போடு நடக்கிற வட்டத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு டீக்கடை, எங்கேயாவது ஒரு டவுன் பஸ். முடியவில்லையா, ஏறி உட்கார்ந்துவிடலாம். பள்ளத்தாக்கில் எனக்குக் கிடைக்காதது இது ஒன்றுதான்.

இந்திய நில அளவைத் துறையின் வரைபடத்தை அவர்கள் தளத்திலிருந்து இறக்கி, பெரிய தாளில் அச்செடுத்துப் பட்டாசாலையில் விரித்தேன். ஒன்றுக்கு ஐம்பதாயிரம் அளவு; தாளில் இரண்டு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஒரு கிலோமீட்டர். ஆத்தா பூக்கட்டுகிற நூலைக் கேட்டு வாங்கி, தண்ணீரில் நனைத்து, பாதை வளைகிற இடமெல்லாம் வளைத்து ஒட்டினேன். நனைத்த நூல் தாளைப் பிடித்துக்கொள்ளும், நகராது. போன் செயலி இதை ஒரு நொடியில் அளந்து சொல்லும் என்பது தெரியும். ஆனால் நூலை நகத்தால் தள்ளித் தள்ளி ஒட்டும்போதுதான் பழுப்புநிற உயரக்கோடுகள் எங்கே நெருங்குகின்றன என்பது விரலுக்குத் தெரிகிறது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். கோலத்தில் மாவு ஒரே இடத்தில் கொட்டிவிட்ட மாதிரி அவை அப்பிக்கிடந்தால் அங்கே கையை ஊன்றித்தான் ஏற வேண்டியிருக்கும். ஆத்தா வந்து பார்த்துவிட்டு, "சாதகம் மாதிரி இருக்கு. கல்யாணம் எப்பன்னு வருதா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார்கள். மருமகனுக்குப் பெண் பார்க்கிறோம், அந்தக் கவலை அவர்களுக்கு.

வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதற்கும் ஒரு யோசனை வேண்டும். சாயங்காலம் வெயில் மேற்கிலிருந்து அடிக்கும். நாலு மணிக்கு மேல் மலையின் நிழல் கிழக்கு அடிவாரத்தில் விழும். ஆகவே மேற்குப் பக்கத்தை முதலில் நடந்துவிட்டுக் கிழக்குப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்தேன். சும்மா கடிகார முள் போகிற பக்கம் என்று கிளம்பியிருந்தால் ஒரு மணி நேர நிழல் போயிருக்கும்.

பிறகு அந்திக் கணக்கு. தை மாதம் இங்கே ஆறேகாலை ஒட்டிப் பொழுது சாய்கிறது. ஐந்து மணிக்கு எல்லாம் முடிந்து கார் பக்கம் இருக்க வேண்டும். வட்டத்துக்கு மூன்று மணி நேரம், ஆக இரண்டு மணிக்குத் தொடக்கம். அதற்கு முன் சாப்பாடும் ஓய்வும் ஒன்றரை மணி நேரம், ஆக பன்னிரண்டரைக்கு மலையிலிருந்து கீழே. இறங்க இரண்டு மணி நேரம். அப்படியென்றால் எங்கே நின்றாலும் பத்தரைக்குத் திரும்ப வேண்டும். ஏற மூன்று மணி நேரம் தாராளமாக வைத்தால் ஏழரைக்குள் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் ‘10.30’ என்று மட்டும் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மற்ற நேரமெல்லாம் முன்னே பின்னே போகலாம், இது மட்டும் கூடாது. மலையில் நிற்கும்போது முடிவெடுக்கிற புத்தி நம்மிடம் இருக்காது; வீட்டில் ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. மூன்று வாரம் காலையில் முதுகுப்பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு ஊருணியைச் சுற்றினேன். குன்றக்குடிப் படிகளை ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு தடவை ஏறி இறங்கினேன். ஏற்றம் மூச்சைக் கேட்கும், இறக்கம் தொடையைக் கேட்கும். மறுநாள் வலிப்பது இறங்கின வலிதான். கால் நகத்தை முந்தின நாளே ஒட்ட வெட்டிவிட வேண்டும், இறக்கத்தில் விரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும். என் பெருவிரலைக் கேட்டால் சொல்லும்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. ஆச்சி, அதாவது என் அக்கா, தானும் வருவதாகச் சொல்லிவிட்டு மூன்றடுக்குத் தூக்கில் உருண்டைக் குழம்பு வரை கொண்டுவரத் திட்டம் போட்டிருந்தார்கள். புளியோதரை வாழையிலையில் கட்டி, அதுவும் காரிலேயே இருக்கட்டும், இறங்கி வந்து சாப்பிடலாம் என்று ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். மலைக்கு மேலே ஆளுக்கு நாலு மாவுருண்டை. பாசிப்பருப்பு மாவு, சர்க்கரை, நெய். பெரிய கடைகளில் பளபளக்கிற காகிதத்தில் சுற்றி விற்கிற கட்டிகளுக்கு இது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வாயில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் வேண்டும், அது ஒன்றுதான். தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டர், உப்புச்சர்க்கரைப் பொட்டலம் இரண்டு. எல்லாம் பைக்குள். கையில் பாலிதீன் பை தொங்கினால் குரங்குக்குத் தாம்பூலம் வைத்து அழைத்த மாதிரி.

இவ்வளவு கணக்கிலும் நான் எழுத மறந்தது ஆச்சியின் ஷூவை.

அவர்கள் ஆறு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் வாங்கி, இரண்டு தரம் போட்டு, பெட்டியிலேயே வைத்திருந்த ஷூ. பார்க்கப் புத்தம் புதுசு. போடாமல் வைத்தால்தான் ஷூவின் அடிப்பாகமும் பசையும் நம் ஊர்ப் புழுக்கத்தில் உளுத்துப்போகும். ஏறத் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் வலது காலின் அடி, முதலை வாய் மாதிரி திறந்துகொண்டது. இன்னும் சற்று நேரத்தில் இடதும். மருமகன் துண்டைக் கிழித்து இரண்டையும் சேர்த்துக் கட்டினான். கட்டு நழுவ நழுவ நின்று நின்று போனதில் பத்து இருபத்தைந்துக்குத்தான் உச்சிக்குக் கீழே ஒரு பாறை விளிம்புக்கு வந்து சேர்ந்தோம். கீழே நாங்கள் மத்தியானம் சுற்றப்போகிற கண்மாய்கள் தகடு தகடாக மின்னின.

மேலேயிருந்து இறங்கி வந்த பெரியவர் ஒருவர், "இன்னும் பத்து நிமிசந்தாம்மா, வந்துட்டீங்க" என்றார். மலைக்காரர்களின் பத்து நிமிடம் நமக்கு எவ்வளவு என்பது எல்லோருக்கும் தெரியும். மருமகன் என்னைப் பார்த்தான். நான் ஆச்சியின் காலைப் பார்த்தேன். தாளை எடுத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. ஆச்சியே எழுந்து, "பாத்தது போதும், வாங்க" என்று திரும்பிவிட்டார்கள். அவன் முகம் தொங்கிப்போய்க் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தான். ஏறும்போது நாங்கள் கண்டுபிடித்த நிழல் பாறையில் உட்கார்ந்து மாவுருண்டை தின்ற பிறகு பேசினான்.

கீழே ஒரு பெட்டிக்கடையில் ஆச்சிக்கு நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு வாங்கினோம். வட்டப் பாதை முழுவதும் அவர்கள்தான் முன்னால் போனார்கள். கண்மாய்க்கரையில் தாமரை பறித்தார்கள், ஒரு வீட்டில் மோர் வாங்கிக் குடித்தார்கள், அந்த வீட்டம்மாவிடம் பெண் இருக்கிறதா என்று விசாரித்தார்கள். நான் நினைத்தபடியே கிழக்குப் பக்கத்தில் மலை நிழல் எங்களுக்கு முன்னால் வந்து படுத்திருந்தது. எனக்கு அதில் இருந்த பெருமையை யாரும் கண்டுகொள்ளவில்லை.

நாலே முக்காலுக்கு ஒரு முக்குரோட்டில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். ஷூ போட்ட எங்கள் இரண்டு பேருக்கும் குதிகாலில் கொப்புளம். கோயில் கோபுரம் மரங்களுக்கு மேலே தெரிந்தது. இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வட்டம் முடியும். அப்போது பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது. மருமகன்தான் முதலில் ஏறினான்.

கண்டக்டர் ஆச்சிக்கு மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "எங்கே?"

"பிரான்மலை. ரெண்டு."

குனிந்து ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தார், எங்கள் முதுகுப்பைகளைப் பார்த்தார். "இந்தா இருக்கே சார் பிரான்மலை. இதுக்கா பஸ்ஸு?"

"ஆமாங்க, ரெண்டு டிக்கெட்" என்றான் மருமகன், ஷூவைக் கழற்றிக்கொண்டே.